‘வயசானா அப்படித்தான்’ என்கிற தீர்ப்பு

எண்பது வயதைக் கடந்தவர்களின் மனப்பதற்றத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. வீட்டில் சொல்வது, “வயசானா அப்படித்தான்.” கருத்தரங்குகளிலும் பத்திரிகைப் பத்திகளிலும் சொல்வது சற்று நாகரிகமானது: அந்தத் தலைமுறைக்கு மனநலம் பற்றிய விழிப்புணர்வு கிடையாது, மனநல மருத்துவர் என்றாலே “எனக்கென்ன பைத்தியமா” என்று முகம் சிவந்துவிடும், மனக்கஷ்டத்தை வெளியே சொல்லிப் பழகாதவர்கள், ஆகவே உதவி தேடி வருவதில்லை. முதல் பதில் பிரச்சினையே இல்லை என்கிறது. இரண்டாவது, பிரச்சினை உண்டு என்று ஒப்புக்கொண்டு பழியை முதியவர்கள் தலையில் வைக்கிறது. இரண்டையும் நான் மறுக்கிறேன். மிக முதிர்ந்த வயதினர் உதவி தேடுகிறார்கள். நம்மில் பலரைவிட விடாப்பிடியாகத் தேடுகிறார்கள். அது எங்கே நடக்கிறது, என்ன சொல்லி நடக்கிறது என்று நின்று பார்க்க நமக்குத்தான் பொறுமை இருந்ததில்லை.

தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு சிற்றூரில், மாலை ஆறு மணிக்குத் திறக்கும் கிளினிக்கின் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். பழைய ஈசிஜி தாள்களும் பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகளும் அடைத்த துணிப்பையோடு ஒரு பாட்டி வருவார். கூடவே மகனோ மருமகளோ. முறை வந்து உள்ளே போனதும் அவர் சொல்வது இப்படி இருக்கும்: “நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுய்யா. ஒரு எடத்துல உக்கார முடியல. வயித்துல என்னமோ பெரட்டுது. ராவெல்லாம் கொட்டக் கொட்ட முழிச்சுக் கெடக்கேன்.” பிரஷர் பார்க்கப்படும். மார்பில் ஸ்டெதஸ்கோப் வைக்கப்படும். “எல்லாம் நார்மல்தான் பாட்டிம்மா, வயசாயிடுச்சுல்ல?” என்பார் டாக்டர். ஒரு சத்து ஊசி, தூங்குவதற்கு ஒரு மாத்திரை. பத்து நாளில் பாட்டி மறுபடி வருவார், அதே பை, அதே சொற்கள். கூட வந்தவர் தாழ்ந்த குரலில் டாக்டரிடம், “சும்மா சும்மா கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க சார், தாங்க முடியல” என்பார்.

அந்தப் பாட்டி உதவி தேடவில்லை என்று எப்படிச் சொல்கிறோம்? நடக்க முடியாத காலோடு, ஆட்டோவுக்குக் காசு கேட்டு வாங்கி, முகச்சுளிப்பைப் பொறுத்துக்கொண்டு, பத்தே நாளில் இரண்டாம் முறை வந்திருக்கிறார். முதுமையில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் தலைகாட்டும் என்பது முதியோர் மருத்துவத்தின் அரிச்சுவடி. படபடப்பு, தலைச்சுற்றல், வயிற்றுக் கோளாறு, உடம்பெங்கும் உளைச்சல், உறக்கமின்மை, சில நேரம் மறதி. நோயாளி எதையும் மறைக்கவில்லை. உடம்பில் உணர்வதை உணர்ந்தபடியே சொல்கிறார். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் டாக்டர்கள் அவரிடம் கேட்டது வலியையும் வாந்தியையும் மலச்சிக்கலையும் பற்றித்தான். “மனசுல என்ன பாரம்?” என்று எந்த ஓபி சீட்டிலும் யாரும் கேட்டதில்லை. எந்தக் கதவு திறக்கும் என்று அறுபது ஆண்டு அனுபவத்தில் தெரிந்துகொண்டு அந்தக் கதவைத் தட்டுகிறார். இதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

‘கூச்சம்தான் தடை’ என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். கூச்சம் இருக்கிறது. ஆனால் அது யாருடையது? அமெரிக்காவில் நாடளாவிய ஆய்வு ஒன்றின் தரவுகளைக் கனடாவின் கோரி மெக்கன்சியும் உடன் ஆய்வாளர்களும் அலசி 2008இல் வெளியிட்டார்கள். மன உளைச்சலுக்கு உதவி நாடுவது பற்றி முதியவர்களின் மனப்பான்மை இளையவர்களுடையதைவிட மோசமாக இல்லை. பெரும்பான்மையினர் அதை நல்லபடியாகவே பார்த்தார்கள். அது அமெரிக்கா, நம் ஊருக்குப் பொருந்தாது என்று சொல்லலாம். சரி, நம் ஊரில் கூச்சப்படுவது யார் என்று உற்றுப் பாருங்கள். பெரியவரை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகத் தயங்குவது அநேகமாக மகன். பேத்திக்கு வரன் பார்க்கிற நேரத்தில் ஊர் வேறு மாதிரிப் பேசிவிடுமோ என்கிற பயம். எண்பத்தைந்து வயது அம்மாவுக்கு இழக்க எந்த மானமும் மிச்சமில்லை. உறக்கம் வந்தால் போதும் அவருக்கு.

‘வயதானால் மனம் கலங்குவது இயல்பு’ என்பதை எண்களே மறுக்கின்றன. 2017–18இல் இந்தியா முழுவதும் 45 வயதைக் கடந்த 72 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வின் முதல் சுற்று நடந்தது. அறுபதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு நோய் இருக்கக்கூடும் என்று, முறையான கேள்விகளைக் கேட்டபோது தெரிந்தது. ‘எனக்கு மனச்சோர்வு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்’ என்றவர்கள் 0.8 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நூற்றில் எட்டுப் பேருக்கு என்றால் மீதி 92 பேருக்கு இல்லை. வயதே காரணமாக இருந்தால் எல்லாருக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும்? அந்த எட்டுப் பேரில் பெயர் சொல்லி அடையாளம் காணப்பட்டவர் ஒருவருக்கும் குறைவு. இத்தனைக்கும் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மூட்டு வலிக்கும் இவர்களில் பலர் மாதந்தோறும் ஏதோ ஒரு டாக்டரின் முன்னால் உட்கார்ந்தவர்கள். அவர்கள் வந்து உட்கார்ந்தும் நோய் தெரியாமல் போனது என்றால், வராததைக் குற்றம் சொல்வதில் நியாயம் எங்கே?

பதற்றத்துக்கு உள்ள காரணங்களையாவது நாம் மதிக்கிறோமா என்றால் அதுவும் இல்லை. எண்பத்து மூன்று வயதில் ஒருவர் பயப்படுவது கற்பனைகளுக்கு அல்ல. முதல் பயம் விழுவது. ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தவர், எலும்பு முறியாவிட்டாலும், அடுத்த மாதம் முதல் சுவரைப் பிடித்தே நடப்பார். பிறகு முற்றத்துக்கு வருவதை நிறுத்துவார். பிறகு கட்டிலோடு சரி. விழுந்தபின் வரும் இந்த அச்சத்தை மர்ஃபி, ஐசக்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1982இலேயே தனி நோய்க்குறியாக விவரித்துவிட்டார்கள். பயத்தால் நடை குறையும், நடை குறைந்தால் தசை தளரும், தசை தளர்ந்தால் விழுவது உறுதியாகும். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டுமே என்ற ஒரே கவலையில் மாலை ஐந்து மணிக்குமேல் தண்ணீரே குடிக்காத பெரியவர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் தலைசுற்றும், மலச்சிக்கல் வரும், குழப்பம்கூட வரும். அப்புறம் “பெருசு பெனாத்துது” என்போம். இந்த மனப்பதற்றத்துக்கு முதல் சிகிச்சை கழிவறைச் சுவரில் பதிக்கும் ஒரு கைப்பிடிக் கம்பியும் இரவு முழுதும் எரியும் ஒரு சின்ன விளக்கும்தான்.

மருந்துகளாலும் பதற்றம் வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இழுப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் உறிஞ்சு மருந்துகளும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் வேர்வையும் நடுக்கமும் வரும். தைராய்டு கூடினாலும், உடம்பில் உப்பு குறைந்தாலும் நிலைகொள்ளாமை வரும். பையைப் பிரித்து அத்தனை அட்டைகளையும் மேசைமேல் பரப்பிப் பார்க்கிற டாக்டர் ஒருவர் கிடைத்தால் பாதி வழக்குகள் அங்கேயே தெளிவாகும். ஆனால் ‘வயசாயிடுச்சு’ என்ற சொல் வாயில் வந்துவிட்டால் பையைப் பிரிக்கிற வேலை மிச்சம்.

கிளினிக்கைத் தாண்டியும் இந்தப் பெரியவர்கள் போகிறார்கள். அந்தி நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் ஓதி ஊதிய தண்ணீருக்காகக் குழந்தைகளோடு நிற்கிற கூட்டத்தில் கிழவிகளும் நிற்பார்கள், எல்லா மதத்தவரும். பூசாரி திருநீறு போட்டுவிட்டால் அன்றைக்கு ஒரு பொழுது மனசு அடங்கும். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. திருநீறு போடுபவர் நெற்றியைத் தொடுகிறார், “என்னம்மா ஆச்சு” என்று கேட்கிறார், சொல்வதைக் கேட்டுக்கொள்கிறார். ஆஸ்பத்திரியில் கிடைக்காத மூன்றும் அங்கே கிடைக்கின்றன. சிகிச்சைக்கு மாற்றாக அது ஆகாது என்பது உண்மை. ஆனால் அங்கே போய் நிற்பவரை உதவி தேடாதவர் என்று கணக்கெழுதுவது அநியாயம்.

பிள்ளைகளுக்குப் போன் செய்வதும் தேடல்தான். “சாப்பிட்டியா? அங்க மழை பெய்யுதா? எப்ப வருவே?” என்று ஒரே நாளில் நான்கு முறை கூப்பிடுகிற அப்பாவிடம், காலையில்தானே பேசினோம் என்று எரிந்து விழுகிறோம். மழையைப் பற்றி அறிந்துகொள்ளவா அவர் கூப்பிடுகிறார்? தன்னோடு பள்ளிக்குப் போனவர்கள், தன்னோடு வேலை பார்த்தவர்கள், தன்னை வாடா போடா என்று அழைக்கக்கூடியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தபின், ஒரு குரல் வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது இன்னொரு வாக்கியத்தை நாம் கையாளும் விதம். “இன்னும் என்னையக் கொண்டுபோக மாட்டேங்குறானே” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்காத தமிழ் வீடு இருக்காது. அது வெறும் புலம்பல் என்று காதைத் திருப்பிக்கொள்கிறோம். பல நேரம் புலம்பலாகவே இருக்கலாம். எல்லா நேரமும் அல்ல. வேலூர் அருகே கணியம்பாடி ஒன்றியத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் ஒவ்வொரு மரணத்தையும் வீடு வீடாக விசாரித்துப் பதிவு செய்தபோது, 55 வயதைக் கடந்தவர்களின் தற்கொலை விகிதம், காவல்துறைக் கணக்கை வைத்துத் தேசிய சராசரியாகச் சொல்லப்படுவதைப்போல் பல மடங்கு இருந்தது தெரிய வந்தது. உலக அளவிலும் தற்கொலை விகிதம் உச்சத்தில் இருப்பது எழுபதைக் கடந்தவர்களிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே அந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏன்ப்பா அப்படிச் சொல்றீங்க? செத்துடணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்பது மனநல மருத்துவத்தில் தெளிவாகிவிட்ட விஷயம். பலருக்குக் கேட்டதே ஒரு ஆசுவாசம்.

கூட்டுக்குடும்பம் இருந்தவரை இந்தப் பேச்சே எழவில்லை என்பார்கள் இன்னொரு தரப்பினர். பிள்ளைகள் விட்டுவிட்டுப் போனதுதான் நோய், கூட வைத்துக்கொள்வதே மருந்து என்பது அவர்கள் கட்சி. முன்பே சொன்ன அந்த 2017–18 ஆய்வின்படி, இந்தியாவில் அறுபதைக் கடந்தவர்களில் தனியாக வாழ்பவர்கள் 6 சதவீத அளவில்தான் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் குடும்பத்தோடு, பிள்ளைகளோடு இருக்கிறார்கள். ஆக, மன உளைச்சலின் பெரும்பகுதி ஆட்கள் நிறைந்த வீடுகளுக்குள்தான் நடக்கிறது. கூடத்தில் டிவி ஓடும், எல்லோரும் நடமாடுவார்கள், காது மந்தமான பெரியவர் மூலையில் நாற்காலியில் இருப்பார். யாரும் அவரிடம் இரண்டாவது வாக்கியம் பேசுவதில்லை, ஏனென்றால் முதல் வாக்கியத்தையே மூன்று முறை கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் குடும்பத்தை மட்டும் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. எண்பத்தெட்டு வயது மாமியாரைத் தூக்கி உட்கார வைக்கிற மருமகளுக்கு வயது அறுபது; அவருக்கும் மூட்டு வலி, அவருக்கும் உறக்கம் கெட்டிருக்கிறது. அன்பு குறைந்ததால் மட்டும் இது நடப்பதில்லை. ஆள் போதவில்லை, தெரிந்து சொல்ல ஆள் இல்லை. காதுக் கருவி ஒன்று பொருத்தினால் அந்த மூலை நாற்காலி கூடத்தின் நடுவுக்கு வரும் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

கடைசியாக வரும் வாதம், வெளியே அதிகம் சொல்லப்படாவிட்டாலும், மிகக் கொடியது: இந்த வயதில் சிகிச்சை கொடுத்து என்ன ஆகப்போகிறது? ஆகிறது என்பதற்குச் சான்று கோவாவிலேயே இருக்கிறது. மனச்சோர்வின் ஆரம்ப அறிகுறிகள் இருந்த, அறுபதும் அதற்கு மேலும் வயதான 181 பேரை வைத்து அங்கே ஒரு ஆய்வு நடந்து 2019இல் வெளியானது. உதவி செய்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல. பயிற்சி பெற்ற சாதாரண ஊர்க்காரர்கள். பிரச்சினைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தீர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள், உறக்கத்துக்கு வழி சொன்னார்கள், சர்க்கரை முதலிய நோய்களைக் கவனித்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள், அரசு உதவிகளைப் பெற வழிகாட்டினார்கள். ஓராண்டு முடிவில், உதவி பெற்றவர்களில் முழு மனச்சோர்வு நோய்க்குள் விழுந்தவர்கள் 4.4 சதவீதம், வழக்கமான கவனிப்பில் விடப்பட்டவர்களில் 14.4 சதவீதம். இங்கிலாந்தில் அரசு நடத்தும் பேச்சு சிகிச்சைத் திட்டத்தின் பதிவுகளோ, 65 வயதைக் கடந்தவர்கள் இளையவர்களைவிட நன்றாகவே தேறுவதைக் காட்டுகின்றன. அப்படியிருந்தும் அந்த நாட்டு டாக்டர்கள் 85 வயதைக் கடந்தவர்களை அந்தச் சிகிச்சைக்குப் பரிந்துரைப்பது ஐம்பதுகளின் இறுதியில் இருப்பவர்களைவிட வெகு குறைவு. நமக்கு மட்டும் உரிய குறை அல்ல இது. மருத்துவம் எங்கும் இந்த வயதைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொள்கிறது.

கழுவுகிற கை நம் ஊரில் ஒரு மாத்திரையையும் நீட்டுகிறது. அல்பிரசோலம், டயஸிபாம் வகை மாத்திரைகள் முதியவர்களுக்குத் தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கும், விழுந்து இடுப்பெலும்பு முறியக் காரணமாகும் என்று உலகெங்கும் முதியோர் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். 1991இல் மார்க் பீர்ஸ் தொகுக்கத் தொடங்கிய, முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் இன்றும் இதைச் சொல்கிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் “பாட்டிக்குத் தூங்குற மாத்திரை” என்று கேட்டால் அட்டையைக் கிழித்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. விழுந்துவிடுவோமோ என்று பயந்து உறக்கம் கெட்டவருக்கு, விழவைக்கிற மாத்திரை சிகிச்சையாகிறது. ஏற்கெனவே பல மாதங்களாகச் சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, அதுவும் ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் சாக்குச் சொல்ல இடமில்லை. முதியோர் மருத்துவத்துக்கு நாட்டிலேயே முன்னோடியாக 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் தனிப் பிரிவு தொடங்கிய மாநிலம் இது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது. மனநல உதவிக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்று இலவச எண்கள் இருக்கின்றன. எல்லாம் நல்லவை. ஆனால் எண்பத்தைந்து வயதுக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இடையில் இன்னொரு மனிதர் தேவைப்படுகிறார். கிண்டிக்கு அழைத்துப் போக ஒருவர். போனில் எண்ணை அழுத்த, மறுமுனையில் சொல்வதைக் காதருகில் திருப்பிச் சொல்ல ஒருவர். அந்த ஒருவரால்தான் கஷ்டமே என்றால் அந்தக் கதவும் மூடியாயிற்று. மகனை உடன் வைத்துக்கொண்டு எந்த அம்மா மகனைப் பற்றிச் சொல்வார்? கூட வந்தவரை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பெரியவரிடம் தனியாகப் பேசுவது, குழந்தை மருத்துவத்தில் எடை பார்ப்பதுபோல் கட்டாய நடைமுறையாக வேண்டும்.

அவர்கள் வீட்டுக்கே போகிற ஒரு கை நம்மிடம் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதன் பெண் தன்னார்வலர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு பெரியவரின் திண்ணைக்கே போகிறார்கள். பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைக் கட்டுகிற அந்த இரண்டு நிமிடத்தில் கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன: “ரெண்டு வாரமா மனசு விட்டுப்போன மாதிரி இருக்கா பாட்டி? எதுலயும் பிடிப்பில்லாம இருக்கா? கவலைப்படாம இருக்க முடியலையா?” ஆமாம் என்று வந்தால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் பெயர் போய்ச் சேர வேண்டும், அந்த மருத்துவரோ பயிற்சி பெற்ற ஆலோசகரோ அந்தத் திண்ணைக்கு வர வேண்டும். ஏற்கெனவே வேலை குவிந்து கிடக்கிறதே என்று அந்தத் தன்னார்வலர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. மாத ஊக்கத்தொகைக்கு உழைக்கும் பெண்களின் தலையில் இன்னொரு படிவத்தை ஏற்றிவிட்டு இதைச் சாதித்ததாக அரசு அறிவிக்கக் கூடாது. கேட்பதற்குப் பயிற்சி தர வேண்டும், வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து நேரம் ஒதுக்க வேண்டும், அந்த நேரத்துக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும்.